உலாவியில் நிரல் எழுதச் சொந்தக் கன்டெய்னர்: எந்த எடிட்டர், எந்தப் பூட்டு?

உலாவியில் திறக்கும் நிரல் எடிட்டரை நம் சொந்தச் சர்வரில் நிறுவுகிறோம் என்றால், அந்தச் சர்வரின் டெர்மினலை, அதாவது கட்டளைகளைத் தட்டி இயக்கும் திரையை, ஒரு வலைப்பக்கமாக மாற்றுகிறோம் என்று பொருள். அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தவர் கோப்புகளைத் திருத்துவதோடு நின்றுவிட மாட்டார். கட்டளைகளை இயக்கலாம், நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் கருவியின் சாவிகளைப் படிக்கலாம், அங்கிருந்து வேறு சர்வர்களுக்குள்ளும் போகலாம். இதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால்தான் எந்த மென்பொருளைத் தேர்வது என்ற கேள்விக்கு உருப்படியான விடை கிடைக்கும். தோற்றத்தை வைத்து ஒப்பிட்டால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்: இடப்புறம் கோப்புப் பட்டியல், நடுவில் நிரல், கீழே டெர்மினல். யார் உள்ளே வரலாம் என்பதை எது தீர்மானிக்கிறது, நம் அமைப்புகள் எங்கே தங்குகின்றன, எடிட்டருக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நீட்சிகள் எங்கிருந்து வருகின்றன என்பவற்றில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

என் தேவையிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் ஒரு மடிக்கணினி, பயணத்தில் விசைப்பலகை இணைத்த ஆண்ட்ராய்டு டேப்லெட், இரண்டு மெய்நிகர் சிபியுவும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட ஒரு வாடகைச் சர்வர். எழுதுவது பெரும்பாலும் பைத்தான், கொஞ்சம் டைப்ஸ்கிரிப்ட். மடிக்கணினியில் பாதியில் விட்ட வேலையை டேப்லெட்டில் அதே கோப்பிலிருந்து தொடர வேண்டும். நிறமும் விசைச் சேர்க்கைகளும் நீட்சிகளும் இரு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கல்லூரி ஆய்வகத்துக்காக ஐம்பது பேருக்கு இதை ஏற்பாடு செய்பவருக்கு நான் இங்கே எட்டும் முடிவுகள் அப்படியே பொருந்தா. ஒவ்வொருவருக்கும் தனிக் கன்டெய்னரை (ஒரு மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் சர்வரின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து ஓட்டும் பெட்டியை) எழுப்பி அணைக்கும் ஜூபிட்டர்ஹப் போன்ற மேலாண்மை அடுக்கு அவருக்குத் தேவைப்படும்.

ஆயத்தமாகக் கிடைக்கும் சேவையை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்பது நியாயமே. கிட்ஹப் கோட்ஸ்பேசஸ் தனிநபர் கணக்குகளுக்கு மாதம் 120 கோர்-மணி நேரம் இலவசமாகத் தருகிறது; இரண்டு கோர் இயந்திரத்தில் அது 60 மணி நேரம். வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டும் எழுதுபவருக்கு அது போதும், அவர் இந்தத் தொல்லைக்குள் இறங்க வேண்டியதே இல்லை. நாள்தோறும் எழுதுபவருக்குப் போதாது. இன்னொரு காரணமும் உண்டு. அமேசான் 2016-இல் வாங்கிய கிளவுட்9 என்ற உலாவி எடிட்டர், 2024 ஜூலையில் புதிய வாடிக்கையாளர்களுக்கு மூடப்பட்டது. ஒருவருடைய அன்றாட வேலைக்கருவி இன்னொருவரின் வணிக முடிவில் தொங்கிக்கொண்டிருப்பது எனக்கு உடன்பாடானதல்ல. கன்டெய்னராக வைத்துக்கொண்டால், வாடகைச் சர்வரையே மாற்றினாலும் மூன்று அடைவுகளை (கோப்புறைகளை) நகலெடுத்து அதே சூழலை அரை மணி நேரத்தில் மீண்டும் எழுப்பிவிடலாம்.

ஒரே வேரில் இரு கிளைகள்

விஎஸ் கோட் எடிட்டரின் மூல நிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்து கிடக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் நமக்குத் தரும் ஆயத்த விஎஸ் கோட், அந்நிறுவனத்தின் தனி உரிமத்தில் வருகிறது. இந்த இடைவெளிதான் இங்கே பேசப்போகும் எல்லாவற்றுக்கும் பின்னணி. கோடர் என்ற நிறுவனம் 2019-இல் வெளியிட்ட கோட்-சர்வர், விஎஸ் கோடின் மூல நிரலை எடுத்து உலாவியில் ஓடும்படி மாற்றியது. கிட்பாட் நிறுவனம் 2021 செப்டம்பரில் ஓப்பன்விஎஸ்கோட் சர்வரை வெளியிட்டது. அதே ஆண்டின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் தன் சர்வர் பகுதியின் மூல நிரலையும் திறந்துவிட, டிசம்பரில் வந்த கோட்-சர்வர் 4.0 பதிப்பு அதன் மேலேயே புதிதாகக் கட்டப்பட்டது. ஆகவே இன்று இவ்விரண்டின் உள்ளேயும் ஓடுவது ஒரே சர்வர். வேகத்தில் எது உயர்ந்தது என்று நடக்கும் வாதங்களை நான் பொருட்படுத்துவதில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது நம் சர்வருக்கும் உலாவிக்கும் இடையிலுள்ள தொலைவும், நாம் ஏற்றி வைத்திருக்கும் நீட்சிகளும்தான்.

ஒரே வேராக இருந்தும் இரண்டின் நோக்கங்கள் வேறு. ஓப்பன்விஎஸ்கோட் சர்வர், விஎஸ் கோடை உள்ளது உள்ளபடி உலாவியில் கொண்டுவருவதோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிறது. கோட்-சர்வரோ, தன் சர்வரில் தானே நிறுவிக்கொள்பவருக்கு என்னென்ன தேவைப்படும் என்று யோசித்து, மூல நிரலின் மேல் ஒட்டுத் திருத்தங்களைச் சேர்த்திருக்கிறது. அந்தத் திருத்தங்களில் மூன்று என் முடிவைத் தீர்மானித்தன.

முதலாவது, நுழைவு. கோட்-சர்வரை முதன்முறை இயக்கும்போதே அது தானாக ஒரு கடவுச்சொல்லை உருவாக்கித் தன் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கிறது. அது இணைப்புகளை எதிர்பார்த்துக் கேட்கும் முகவரியும், கன்டெய்னருக்கு வெளியே நேரடியாக நிறுவினால், அந்தச் சர்வருக்குள்ளிருந்து மட்டும் அடையத்தக்க 127.0.0.1:8080 என்றே இருக்கும். உள்நுழையும் முயற்சிகளை நிமிடத்துக்கு இரண்டு, அதற்கு மேல் மணிக்குப் பன்னிரண்டு என்று கட்டுப்படுத்துகிறது. கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதி வைக்க விரும்பாவிட்டால் ஆர்கான்2 முறையில், மீட்டெடுக்க முடியாத வடிவுக்கு மாற்றி (ஹேஷ் செய்து) தரலாம். ஓப்பன்விஎஸ்கோட் சர்வரில் உள்நுழைவுப் பக்கம் என்று ஒன்றே கிடையாது. அதற்குப் பதிலாக இணைப்பு டோக்கன் என்ற ஒன்றை முகவரியின் வாலில் ஒட்டித் தர வேண்டும். கன்டெய்னர்களை இயக்கும் டாக்கர் கருவிக்கென வரும் அதன் அதிகாரப்பூர்வ இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் அச்சு) அந்த டோக்கன்கூட இல்லாமல்தான் தொடங்குகிறது. வழிகாட்டியில் உள்ள ஒற்றை வரிக் கட்டளையை நகலெடுத்து வாடகைச் சர்வரில் ஒட்டி இயக்கினால், 3000-ஆம் போர்ட்டில் (சர்வரின் எண்ணிட்ட வாசலில்) உலகம் முழுவதற்கும் திறந்த டெர்மினல் ஒன்று உருவாகிவிடும். மடிக்கணினியில் சோதித்துப் பார்ப்பவருக்கு இது வசதி. சர்வரில் ஓட்டுபவருக்குப் பெரும் ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே, முதன்முறையாக இந்த முயற்சியில் இறங்கும் எவருக்கும் நான் கோட்-சர்வரைத்தான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது, அமைப்புகள் தங்கும் இடம். விஎஸ் கோடின் வலைவடிவம் பயனரின் அமைப்புகளை இயல்பாக உலாவியின் சேமிப்பிலேயே வைக்கிறது. மடிக்கணினியில் எழுத்தளவை மாற்றினால் அந்த மாற்றம் மடிக்கணினியின் உலாவியோடு நின்றுவிடும். உலாவியின் தரவை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். கோட்-சர்வரின் ஒட்டுத் திருத்தங்களில் ஒன்று இதை மாற்றி, அமைப்புகளைச் சர்வரின் வட்டில் கோப்பாகவே எழுத வைக்கிறது. டேப்லெட்டைத் திறந்தால் மடிக்கணினியில் விட்ட நிறமும் விசைச் சேர்க்கைகளும் அப்படியே காத்திருக்கும். அந்தக் கோப்பைக் கிட்டில் சேர்த்துப் பாதுகாக்கவும் முடியும். ஒரே ஒரு கருவியிலிருந்து மட்டும் வேலை செய்பவர் இந்த வேறுபாட்டை உணரவே மாட்டார். இரண்டு கருவிகளுக்கிடையே அலைபவருக்கு இதைவிடப் பெரிய வேறுபாடு வேறொன்றில்லை.

மூன்றாவது, நாம் எழுதும் வலைச்செயலியைச் சோதித்துப் பார்ப்பது. கன்டெய்னருக்குள் 5000-ஆம் போர்ட்டில் ஒரு செயலியை ஓட்டினால், அதை உலாவியில் காண எப்படி வெளியே கொண்டுவருவது? கோட்-சர்வரில், அதன் முகவரியின் பின்னே பிராக்ஸி என்ற பாதையையும் போர்ட் எண்ணையும் சேர்த்தால் போதும், அதே உள்நுழைவின் காவலுக்குள்ளேயே அந்தச் செயலி திறக்கும். துணை டொமைன் வழியாகவும் இதைச் செய்யலாம். பாதை வழியில் சில செயலிகளின் படங்களும் நடைத்தாள்களும் தடுமாறும் என்பதால் டொமைன் வைத்திருப்பவர்களுக்குத் துணை டொமைனே நல்லது.

இவ்வளவு சொன்னதால் ஓப்பன்விஎஸ்கோட் சர்வருக்கு இடமே இல்லை என்று கொள்ள வேண்டாம். ஏற்கெனவே ஒத்தீலியா, ஓஆத்2-பிராக்ஸி போன்ற நுழைவுக் காவலை முன்னால் நிறுத்தி, இரண்டடுக்குச் சரிபார்ப்போடு பல செயலிகளை நடத்தி வருபவருக்கு, எடிட்டரிடம் தனியாக ஒரு கடவுச்சொல் கேட்கும் பக்கம் இருப்பது தேவையற்ற இரட்டை வேலை. மூல விஎஸ் கோடிலிருந்து மிகக் குறைவாக விலகிய ஒன்றுதான் வேண்டும் என்பவருக்கும் அது நேர்மையான தேர்வு.

நீட்சிகளின் சந்தை

முடிவெடுக்கும் முன் எல்லோரும் சோதிக்க வேண்டிய, ஆனால் பெரும்பாலும் நிறுவிய பிறகே தெரியவரும் விஷயம் இது. மைக்ரோசாஃப்டின் நீட்சிச் சந்தையை மைக்ரோசாஃப்டின் சொந்த விஷுவல் ஸ்டுடியோ குடும்பத் தயாரிப்புகளிலிருந்து மட்டுமே பயன்படுத்தலாம் என்று அதன் நிபந்தனைகள் சொல்கின்றன. எனவே கோட்-சர்வர், ஓப்பன்விஎஸ்கோட் சர்வர், பின்னால் பேசப்போகும் தியா என்ற எடிட்டர் ஆகிய மூன்றும் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற திறந்த சந்தையிலிருந்தே நீட்சிகளை எடுக்கின்றன. பொதுவான மொழிகள், நிறத் தொகுப்புகள், விம் விசைகள், கிட் உதவிகள் ஆகியவை அங்கே கிடைக்கின்றன. கிடைக்காதவை மைக்ரோசாஃப்டின் சொந்த நீட்சிகள்: பைத்தானுக்கான பைலான்ஸ், சி மற்றும் சி++ மொழிகளுக்கான அவர்களுடைய நீட்சி, சி-ஷார்ப் டெவ் கிட், ரிமோட்-எஸ்எஸ்ஹெச், லைவ் ஷேர்.

சந்தையின் முகவரியைச் சூழல் மாறி ஒன்றில் மாற்றினால் மைக்ரோசாஃப்டின் சந்தையே திறக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. தொழில்நுட்ப அளவில் அது இயலும். நிபந்தனைகளுக்கு அது எதிரானது, நிலைத்ததும் அல்ல. 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டின் சி++ நீட்சி, விஎஸ் கோடிலிருந்து கிளைத்த பிற எடிட்டர்களில் இயங்க மறுக்கத் தொடங்கியதை அவற்றின் பயனர்கள் அனுபவித்தார்கள். மாற்று வழிகள் இருக்கும்போது அந்த வழியில் போக வேண்டிய தேவை இல்லை. பைலான்ஸின் உள்ளே வகைச் சரிபார்ப்பைச் செய்யும் பைரைட் திறந்த மூல நிரல்தான். அதன் மேல் பைலான்ஸின் பல வசதிகளைச் சேர்த்துத் தரும் பேஸ்ட்பைரைட் ஓப்பன் விஎஸ்எக்ஸில் கிடைக்கிறது, நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். சி++ எழுதுபவர்களுக்குக் கிளாங்டி இருக்கிறது. பெரிய திட்டங்களில் அதை விரும்பித் தேர்பவர்களே பலர். ஆனால் டாட்நெட் வேலை செய்பவர் இந்த மாற்றுகளால் முழு நிறைவு அடைய மாட்டார் என்பது என் மதிப்பீடு. அவர் பின்னால் வரும் சுரங்க வழியைப் பார்க்கலாம்.

திறந்த சந்தை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது. நீட்சி என்பது நம் கன்டெய்னருக்குள் நம் உரிமைகளோடு ஓடும் நிரல். பிரபலமான நீட்சியின் பெயரை ஒத்த போலிகள் இரு சந்தைகளிலும் வந்திருக்கின்றன. வெளியிட்டவர் யார், மூல நிரல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, தேவையான சிலவற்றை மட்டும் நிறுவுவதே தக்கது. 4 ஜிபி நினைவகத்தில் அது செயல்திறனுக்கும் நல்லது. கோட்-சர்வருக்குக் குறைந்தது 1 ஜிபி நினைவகமும் இரண்டு சிபியுவும் வேண்டும் என்று அதன் ஆவணம் சொல்கிறது; அது எடிட்டருக்கான கணக்குதான். எழுதும்போதே பிழைகளையும் பரிந்துரைகளையும் காட்டும் மொழிச் சர்வர்கள் கேட்கும் நினைவகம் அதற்கு மேல் என்பதால், கன்டெய்னருக்கு ஒரு நினைவக வரம்பு விதித்து வைப்பது அதே சர்வரில் ஓடும் மற்ற செயலிகளைக் காப்பாற்றும்.

தியாவும் சுரங்கமும்

எக்லிப்ஸ் தியா விஎஸ் கோடின் கிளை அல்ல. டைப்ஃபாக்ஸும் எரிக்சனும் 2017-இல் தொடங்கிய அந்தத் திட்டம், விஎஸ் கோடிலிருந்து மொனாக்கோ என்ற எடிட்டர் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைத் தானே கட்டியது. விஎஸ் கோடின் நீட்சிகளும் அதில் ஓடும். அதன் 1.0 பதிப்பு 2020 மார்ச்சில் வந்தது. ஆர்டுயினோ ஐடிஇ-யின் இரண்டாம் பதிப்பு இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்த எடுத்துக்காட்டே தியாவின் இடத்தைச் சொல்லிவிடுகிறது: தன் பெயரில், தன் பட்டைகளோடும் பொத்தான்களோடும் ஒரு எடிட்டரை உருவாக்கிப் பிறருக்குத் தர நினைக்கும் அணிக்கு அதைவிடப் பொருத்தமான அடித்தளம் அரிது. தனியொருவர் தன் வேலைக்கு நிறுவிக்கொள்ளலாம், ஆயத்தக் கன்டெய்னர் இமேஜும் இருக்கிறது. ஆனால் உள்நுழைவுக் காவலை அவரே முன்னால் கட்ட வேண்டும். எனக்கு அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

மைக்ரோசாஃப்டின் சுரங்க வழி வேறு வகையானது. கன்டெய்னருக்குள் விஎஸ் கோடின் கட்டளைவரி நிரலைச் சுரங்க நிலையில் ஓடவிட்டால், அது வெளிநோக்கி ஒரு இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது, நாம் விஎஸ்கோட்.டெவ் தளத்தில் கிட்ஹப் அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்து அந்த இணைப்பின் வழியே கன்டெய்னரை அடைகிறோம். சர்வரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை, எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வேண்டாம், டொமைன் வேண்டாம். அதிகாரப்பூர்வ நீட்சிச் சந்தை முழுவதும் கிடைக்கும். நம் நாட்டில் பல வீட்டு இணைப்புகளுக்குத் தனிப் பொது ஐபி முகவரி தரப்படுவதில்லை என்பதால், வீட்டிலிருக்கும் பழைய கணினியையே சர்வராக வைக்க நினைப்பவருக்கு இது பெரிய வசதி. கிட்ஹப் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால், நாமே வைக்கும் ஒற்றைக் கடவுச்சொல்லைவிட அந்தப் பூட்டு உறுதியானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்படியிருந்தும் நான் அதை என் முதன்மை வழியாக வைத்துக்கொள்ளவில்லை. பூட்டும் வழியும் பிறர் கையில் இருக்கின்றன. கணக்கு முடங்கினால் என் கன்டெய்னர் ஓடிக்கொண்டே இருக்க, நான் வெளியே நிற்பேன். உரிமத்தையும் கவனிக்க வேண்டும்: அந்தச் சர்வர் நிரலைப் பிறருக்குச் சேவையாக நடத்தித் தர மைக்ரோசாஃப்டின் உரிமம் அனுமதிப்பதில்லை. தனக்கு மட்டும் என்றால் சிக்கல் இல்லை. இந்த வழியைத் தேர்பவர், அந்த நிரல் தன் உள்நுழைவைச் சேமிக்கும் அடைவை, கன்டெய்னர் அழிந்தாலும் அழியாத சேமிப்பான வால்யூமில் வைக்க மறக்கக் கூடாது. வைக்காவிட்டால் கன்டெய்னரைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மீண்டும் உள்நுழைய வேண்டியிருக்கும்.

கன்டெய்னருக்குள் என்ன, வெளியே என்ன

எடிட்டரைக் கன்டெய்னரில் வைப்பதில் ஒரு அடிப்படை முரண் இருக்கிறது. கன்டெய்னர் என்பது எப்போது வேண்டுமானாலும் அழித்து மீண்டும் உருவாக்கத்தக்கது. நிரல் எழுதும் சூழலோ நாளுக்கு நாள் நாம் சேர்த்து வைப்பது. தொடக்கத்தில் நான் டெர்மினலில் இருந்தபடியே ஏபிடி கட்டளையால் போஸ்ட்கிரெஸ் கருவிகளையும் படங்களைக் கையாளும் நூலகங்களையும் நிறுவி வந்தேன். ஒரு நாள் புதிய இமேஜை இறக்கிக் கன்டெய்னரைப் புதுப்பித்ததும் அவை அனைத்தும் மறைந்தன. என் கோப்புகள் சர்வரின் வட்டிலிருந்து கன்டெய்னருக்குள் இணைத்த (மவுன்ட் செய்த) அடைவில் இருந்ததால் தப்பின, ஆனால் எதையெல்லாம் நிறுவியிருந்தேன் என்ற நினைவு என்னிடம் முழுமையாக இல்லை. அன்று முதல் என் வழி இதுதான்: அதிகாரப்பூர்வ இமேஜை அடித்தளமாக வைத்து எனக்கென ஒரு டாக்கர்ஃபைல் (இமேஜைக் கட்டும் செய்முறைக் கோப்பு), புதிதாக ஒரு தொகுப்பு வேண்டுமென்றால் முதலில் அதில் ஒரு வரி, பிறகு மறுகட்டுமானம். அமைப்பு அடைவு, நீட்சிகளும் தரவும் இருக்கும் உள்ளக அடைவு, திட்டங்களின் அடைவு ஆகிய மூன்று மட்டும் வெளியிலிருந்து மவுன்ட் ஆகின்றன.

இமேஜைத் தேர்வதிலும் ஒரு வேறுபாடு உண்டு. கோடர் நிறுவனத்தின் இமேஜில் பயனரின் பெயர் கோடர், எண் 1000. அவருக்குக் கடவுச்சொல் கேட்காத சூடோ (நிர்வாகி) உரிமை தரப்பட்டிருக்கிறது. லினக்ஸ்சர்வர் குழு தரும் கோட்-சர்வர் இமேஜ் 8443 போர்ட்டில் கேட்கிறது. பயனர் எண்ணையும் குழு எண்ணையும் சூழல் மாறிகளால் நம் சர்வரின் எண்களுக்குப் பொருத்திக்கொள்ளலாம். சூடோவுக்குத் தனிக் கடவுச்சொல் வைக்கலாம். மவுன்ட் செய்த கோப்புகளை எழுத முடியவில்லை என்ற பிழையோடு போராடுபவருக்கு இரண்டாவது இமேஜ் நிம்மதி தரும். டாக்கர்ஃபைலைத் தானே எழுதப் போகிறவருக்கு முதலாவது தெளிவானது.

டாக்கரைக் கட்டுப்படுத்தும் வாயிலான டாக்கர் சாக்கெட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். எடிட்டரின் டெர்மினலிலிருந்தே மற்ற கன்டெய்னர்களை இயக்கலாம் என்பதற்காக, சர்வரின் டாக்கர் சாக்கெட்டை உள்ளே மவுன்ட் செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்தச் சாக்கெட்டைத் தொட முடிந்தவர், சர்வரின் மூல அடைவையே மவுன்ட் செய்த இன்னொரு கன்டெய்னரை எழுப்பி, முழுச் சர்வரின் ரூட் பயனராக (முழு அதிகாரமுள்ளவராக) முடியும். ஒரு போலி நீட்சி போதும். கன்டெய்னர் தந்த தடுப்புச் சுவரை நாமே இடித்துவிட்டு, சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு தூங்குவது எடிட்டரை நேரடியாக நிறுவுவதைவிட மோசமானது. உள்ளே கன்டெய்னர்கள் வேண்டுமென்றால் ரூட் உரிமையற்ற போட்மேன் என்ற கன்டெய்னர் கருவியைப் பாருங்கள், அல்லது அந்த வேலைக்கு வேறொரு சிறிய மெய்நிகர் இயந்திரத்தை ஒதுக்குங்கள்.

கதவை எங்கே வைப்பது

எந்த எடிட்டரைத் தேர்ந்தாலும் இந்தக் கேள்வி மிஞ்சும். என் சர்வரில் யுஎஃப்டபிள்யூ என்ற தீயரணை நிறுவி, தொலைவிலிருந்து டெர்மினலை அடையும் எஸ்எஸ்ஹெச் தவிர அனைத்தையும் அடைத்திருந்தேன். ஒரு மாலை கைபேசியின் மொபைல் டேட்டாவில் சர்வரின் முகவரியோடு 8080 சேர்த்துத் தட்டியபோது, கோட்-சர்வரின் உள்நுழைவுப் பக்கம் திறந்தது. டாக்கர் தான் வெளியிடும் போர்ட்டுகளுக்கான விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது. வரும் தரவுப் பொட்டலங்கள் யுஎஃப்டபிள்யூவின் தடைகளைச் சந்திக்கும் முன்பே கன்டெய்னருக்குத் திருப்பிவிடப்படுகின்றன. போர்ட்டை வெளியிடும்போது எண்ணை மட்டும் எழுதினால் அது எல்லா முகவரிகளிலும் கேட்கும். 127.0.0.1:8080:8080 என்று முன்னால் முகவரியைச் சேர்த்து எழுதினால் சர்வருக்குள் மட்டும் கேட்கும். அந்த நாளில் ஓப்பன்விஎஸ்கோட் சர்வரின் டோக்கனற்ற இமேஜ் அங்கே இருந்திருந்தால், கடவுச்சொல் கேட்கும் அந்தப் பக்கம்கூட இடையில் நின்றிருக்காது.

அப்படி உள்ளேயே அடைத்த எடிட்டரை அடைய மூன்று நல்ல வழிகளை நான் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். எஸ்எஸ்ஹெச் வழியே போர்ட்டைத் திருப்புவது மிக எளியது. ஏற்கெனவே இருக்கும் சாவியே பூட்டு, புதிதாக எதையும் திறக்க வேண்டாம். உலாவி அதை உள்முகவரியாகக் காண்பதால் சான்றிதழ் இல்லாமலே பாதுகாப்பான பக்கமாக ஏற்றுக்கொள்ளும். இது சிறிய விஷயமல்ல: வெறும் எச்டிடிபி-யில் ஐபி முகவரியைத் தட்டித் திறந்தால், உலாவி பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் நிரலையும் ஒட்டுப்பலகை அணுக்கத்தையும் மறுத்துவிடும், மார்க்டவுன் முன்தோற்றமும் நோட்புக்கும் வெறும் வெள்ளைக் கட்டங்களாக நிற்கும். மடிக்கணினிக்கு எஸ்எஸ்ஹெச் போதுமானது. டேப்லெட்டில் பின்னணியில் இருக்கும் செயலியை இயங்குதளம் அடிக்கடி நிறுத்திவிடுவதால் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது.

ஆகவே இப்போது டெய்ல்ஸ்கேல் வழியாகப் போகிறேன். வயர்கார்டு என்ற விபிஎன் முறையின் மேல் கட்டப்பட்ட அந்தத் தனி வலையமைப்பில் என் கருவிகளும் சர்வரும் மட்டுமே உறுப்பினர்கள். எடிட்டர் அந்த வலையமைப்புக்குள் மட்டும், அது தரும் சான்றிதழோடு திறக்கிறது. இங்கும் ஒரு வெளி நிறுவனத்தைச் சார்கிறேன் என்பது உண்மை. ஆனால் அது தடைபட்டால் எஸ்எஸ்ஹெச் இருக்கிறது. வயர்கார்டைத் தானே நேரடியாக அமைக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சார்பும் இல்லை.

மூன்றாவது, பொது டொமைன் ஒன்றின் கீழ்க் கேடி போன்ற எதிர்ப் பிராக்ஸியை (வரும் இணைப்புகளை வாங்கி எடிட்டருக்கு அனுப்பும் இடைச் சர்வரை) நிறுத்துவது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை அதுவே பெற்று, அதுவே புதுப்பித்துக்கொள்ளும். எடிட்டருக்கு வேண்டிய தொடர் இணைப்பான வெப்சாக்கெட்டுக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டாம்; என்ஜின்எக்ஸ் என்ற மற்றொரு பிராக்ஸியில் அதற்கான தலைப்புகளை நாமே சேர்க்க வேண்டும். பிறருடைய கணினியிலிருந்தும் நுழைய வேண்டியவருக்கு வேறு வழியில்லை. ஆனால் சான்றிதழ் பெற்ற ஒவ்வொரு பெயரும் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது, அந்தப் பதிவேடுகளைத் தானியங்கிகள் ஓயாமல் படித்துக்கொண்டிருக்கின்றன. யாருக்கும் சொல்லாத துணை டொமைன் ரகசியமாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். கோட்-சர்வரின் ஒற்றைக் கடவுச்சொல்லை மட்டும் நம்பி இந்த வழியில் இறங்குவதை நான் ஏற்க மாட்டேன். முன்னால் இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம் வேண்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பையும் சேர்க்கிறேன், ஏனெனில் இதில் நேரத்தை வீணாக்கியவர்களைக் கண்டிருக்கிறேன். எடிட்டர் காட்டும் எழுத்துரு நம் உலாவி இருக்கும் கருவியிலிருந்து வருகிறது. கன்டெய்னருக்குள் தமிழ் எழுத்துருவை நிறுவிப் பயனில்லை. திருத்தும் பகுதியில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். டெர்மினலோ ஒவ்வொரு எழுத்துக்கும் சம அகலக் கட்டம் ஒதுக்கி வரைவதால், கொம்பும் காலும் துணையெழுத்துகளும் பிரிந்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் நிற்கும். நான்கு தேர்வுகளிலும் டெர்மினலின் அடிப்படை ஒன்றே என்பதால், எதற்கு மாறினாலும் இது தீராது. தமிழ் வெளியீட்டைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அதைக் கோப்பில் எழுதி எடிட்டரில் திறந்து பாருங்கள்.

இரண்டு பேர் பகிர்ந்துகொள்ள நினைத்தால், ஒரே கோட்-சர்வருக்குள் இருவரையும் விடாதீர்கள். அது ஒருவருக்கானது, பயனர் கணக்குகள் என்ற கருத்தே அதில் இல்லை, ஒருவரின் கிட் சாவி மற்றவரின் டெர்மினலில் அப்படியே திறந்திருக்கும். என் தம்பி கோடை விடுமுறையில் என்னோடு ஒரு திட்டத்தில் வேலை செய்தபோது, அவனுக்கென அதே டாக்கர்ஃபைலிலிருந்து இரண்டாவது கன்டெய்னரை 8081-இல் எழுப்பி, 1 ஜிபி வரம்பு விதித்து, தனி அடைவைக் கொடுத்தேன். இருவரின் மாற்றங்களும் கிட் வழியாக மட்டுமே சந்தித்தன. விடுமுறை முடிந்ததும் அந்தக் கன்டெய்னரை நிறுத்தி அடைவை மட்டும் வைத்திருக்கிறேன். அடுத்த முறை அவன் வரும்போது ஒரே கட்டளையில் அது எழும்.